சங்கரலிங்கத்தின் குரலில் பேசியவள்

ராஜபாளையத்துக்குக் கிழக்கே, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் காற்றில் பஞ்சு பறக்கிற ஓர் ஊரில், ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்கிற மில் ஒன்றை அப்பா போன நாளிலிருந்து நடத்திவந்த மங்களேஸ்வரிக்கு, ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஆறரை மணிக்கு, செத்து மூன்று வருஷமான அப்பா சங்கரலிங்கத்தின் குரல் வந்தது.

பல் துலக்கிவிட்டு வந்து, "அம்மா, காபி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுப்படியில் இருந்த அவளுடைய அம்மா பிச்சம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நாற்பத்து மூன்று வருஷம் செய்த மாதிரியே சர்க்கரை இல்லாமல் ஒரு டம்ளர் காபி கலந்து எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, நாற்காலியில் மகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு திரும்பிப் போய்ச் சர்க்கரை போட்டு ஆற்றிக்கொண்டு வந்தாள்.

"உங்க அப்பா பேசின மாதிரியே இருக்கு" என்றாள்.

"ஆமா" என்றது சங்கரலிங்கத்தின் குரல்.

"தொண்டை வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு பிச்சம்மாள் தோசை ஊற்றப் போய்விட்டாள்.

பின்னாட்களில் அந்தக் காலையை நினைக்கும்போதெல்லாம் மங்களேஸ்வரியை உறுத்தியது அப்பாவின் குரல் வந்த விஷயம் அல்ல. நாற்பத்து நான்கு வருஷம் தன் தொண்டையில் குடியிருந்த சொந்தக் குரல் எங்கே போயிற்று என்று அன்றைக்கு அவள் ஒரு தடவைகூடத் தேடவில்லை என்பதுதான். பழைய சேலையைப் பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டு வந்த மாதிரி அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அந்தச் சொந்தக் குரல் மெல்லியது. எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு கேள்வியாக வளைந்துவிடும். இதை இப்படிப் பண்ணலாமா, உங்களுக்கு என்ன தோணுது, எனக்குத் தெரியல நீங்க சொல்லுங்க என்றுதான் அது பேசும். அந்தக் குரலோடு அவள் தறி ஷெட்டுக்குள் போனால் ஐந்து நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும். நூல் சுற்றுகிற பெண்ணுக்கு இது எத்தனையாவது மாதம் என்பதும், ஏழாம் நம்பர் தறி மூன்று நாளாக ஒரு மாதிரி இருமுகிறது என்பதும், மேஸ்திரி உலகநாதனுக்கு இடது காது கேட்காமல் வருவதும் அதை அவர் வீட்டில்கூடச் சொல்லாமல் மறைப்பதும், இப்படி எல்லாமே அந்தக் குரலைக் கண்டால் தானாக வந்து அவள் மேல் ஒட்டிக்கொள்ளும். மில் அப்போது நன்றாகத்தான் ஓடியது. ஆனால் தன்னால் ஓடுகிறது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அப்பா சுழற்றிவிட்ட சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, என்றைக்காவது ஒரு நாள் நின்றுவிடும் என்றுதான் பயந்துகொண்டிருந்தாள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மில் முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தால் அண்ணாச்சிமார் தட்டிலிருந்து முறுக்கை எடுத்துக் கடிக்கத் தொடங்குவார்கள். அவள் முடித்ததும், அவள் சொன்னதையே இன்னொருவர் கொஞ்சம் உரக்கச் சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள். மதுரையிலிருந்து போனில் பேசிய மொத்த வியாபாரி ஒருவர், "வீட்டுல ஆம்பளைங்க யாராவது இருந்தா போனைக் குடும்மா" என்றார். அவமானப்படுத்த வேண்டும் என்றில்லை, குடிக்கத் தண்ணீர் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். அன்றிலிருந்து மங்களேஸ்வரி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்புகிற சத்தத்துக்குள் நின்றுகொண்டு, அப்பா பேசியதையெல்லாம் பேசிப் பார்த்தாள். முடியாதுன்னா முடியாது. சொன்னது சொன்னதுதான். காரணமெல்லாம் எனக்கு வேண்டாம். எட்டு மாதம் இப்படிப் பேசினாள், எட்டு மாதமும் வாளி நிரம்பி வழிந்து தண்ணீர் முற்றம்வரை ஓடியது, ஒன்பதாவது மாதம் குரல் வந்துவிட்டது.

ஊருக்கு அது மூன்று நாளில் பழகிவிட்டது. மில் வாசலில் இருந்த காவல்காரர் குரல் கேட்ட திசைக்கு முதலில் சலாம் வைத்துவிட்டு, அப்புறம் யார் என்று பார்த்து, வைத்த சலாத்தை அப்படியே விட்டுவிட்டார். மதுரை வியாபாரி போனில், "அண்ணாச்சி, நீங்க போயிட்டீங்கன்னு சொன்னாங்களே" என்றார். "போயாச்சு, இது மங்களேஸ்வரி" என்றதும், "எப்படியோ, பேசுறதுக்கு வசதியா இருக்கு" என்று சொல்லி அதுவரை கேட்டதைப்போல இரண்டு மடங்கு துணி கேட்டார். வேலையை விட்டு நின்று பல வருஷமான பழைய தறிக்காரர் ஒருவர் பஸ் பிடித்து வந்து, ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, உள்ளே அவள் யாரையோ திட்டுவதைக் கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் கேட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் திரும்பிப் போனார். முனைக்கடை வெற்றிலைக்காரர் பழையபடி தினமும் ஒரு பொட்டலம் அனுப்பத் தொடங்கினார். மங்களேஸ்வரி வெற்றிலை போடமாட்டாள், ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சங்கத்தில் அவளைச் செயலாளர் ஆக்கினார்கள், அவள் பேசும்போது முறுக்குத் தட்டு தொடப்படாமல் கிடந்தது. மில்லில் அதுவரை அவளை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், யாரும் சொல்லாமலேயே, ஒரே நாளில், மொதலாளி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அந்தக் குரலுக்குக் கேட்கத் தெரியாது, சொல்லத்தான் தெரியும். அதனால் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. பெரிய ஆர்டர் ஒன்று வந்தது, தை மாதம் முடிவதற்குள் இத்தனை லட்சம் மீட்டர் என்று. நெய்து தீராது என்று உலகநாதன் சொன்னபோது, ஒரு அங்குலத்துக்குப் பத்தொன்பது இழை ஓட்டுவதைப் பதினாறாகக் குறைக்கச் சொன்னது குரல். "துணி லேசாப் போயிருமே மொதலாளி" என்றார் அவர். "காரணமெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றது குரல். பதினாறு இழையில் துணி ஓடியது.

சொந்தக் குரல் எங்கே போயிற்று என்பது முதலில் சண்முகக்கனிக்குத்தான் தெரிந்தது.

சண்முகக்கனிக்கு முப்பத்தெட்டு வயது. பதினோரு வருஷமாக மடிப்புப் பகுதியில் வேலை. நெய்த துணியைச் சோடாக்காரத்தோடு போட்டு ஆவியில் அவிக்கிற பெரிய இரும்புக் கொப்பரை ஒன்று மில்லின் பின்பக்கம் இருந்தது, அதற்குப் பக்கத்து மேடையில்தான் வெளுத்துக் காய்ந்த துணியை அவள் மடித்து அடுக்குவாள். மங்களேஸ்வரிக்குப் புதுக்குரல் வந்த மூன்றாம் நாள், அடுக்கிவைத்த வெள்ளைத் துணிக் குவியலுக்குப் பின்னாலிருந்து, "கனி, இடுப்பு வலி தேவலையா?" என்று கேட்டது. "உட்காந்தா ஒண்ணுமில்லக்கா, எந்திரிச்சாத்தான் பிடிக்குது" என்று பதில் சொன்ன பிறகுதான் சண்முகக்கனி திரும்பிப் பார்த்தாள். ஆள் இல்லை. குனிந்தும் பார்த்தாள், ஆள் இல்லை. "குதிகால் உசரச் செருப்புப் போடாத" என்றது குரல். சரி என்று சொல்லிவிட்டு மிச்சத் துணியை மடித்து முடித்து, சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களிடம், தக்காளி வரத்து நின்றுபோனதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "மங்களக்கா குரல் நம்ம பக்கம் வந்துருச்சு. அது தனியாத்தான் திரியுது."

ஒரு வாரத்தில் அதுவும் எல்லோருக்கும் பழகிவிட்டது. காலையில் அது தறி ஷெட்டில் இருக்கும், பதினொரு மணிக்கு நூல் சுற்றுகிற இடத்தில், மத்தியானம் மடிப்பில், மாலையில் லாரியில் ஏற்றுகிறவர்களோடு. அத்தனை தறிகளும் ஒரே சமயத்தில் அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. ஆனால் அந்தக் குரல் சத்தத்துக்கு உள்ளேயிருந்து பேசியதால் எல்லோருக்கும் கேட்டது. அதற்கென்று மடிப்பு மேடை ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு வைத்தார்கள், டீ வரும்போது ஒரு டம்ளர் டீயும் வைத்தார்கள், அது ஆறிப்போனதும் யாராவது எடுத்துக் குடித்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்குள் சண்டை என்றால் ஸ்டூலின் இரண்டு பக்கமும் நின்று சொன்னார்கள். குரல் தீர்ப்பு எதுவும் சொல்லாது, அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருக்கும், சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் ஓய்ந்து, தாங்களாகவே ஒரு வழிக்கு வந்துவிடுவார்கள். பிள்ளை பெற்று வந்தவளுக்கு நின்று பார்க்கிற வேலையை மாற்றி உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுக்க வேண்டும் என்று அது உலகநாதனிடம் கேட்டது, அவரும் மாற்றினார். மில் முன்னைவிட நன்றாக ஓடியது. ஆபீஸில் உட்கார்ந்திருந்த மங்களேஸ்வரி, அப்பாவின் குரலுக்கு இருக்கிற சக்தியைப் பார் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளிடம் யாரும் சொல்லவில்லை. ரவிக்கை ஊக்கு கழன்றிருப்பதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிற மாதிரியான ஒரு தயக்கம்தான். ஒரு நாள் மத்தியானம் அவளாகவே மில்லின் பின்பக்கம் போனபோது, மடிப்பு மேடையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சிரிப்புக்கு நடுவே அவளுடைய சொந்தக் குரலும் சிரித்துக்கொண்டிருந்தது. தன் சிரிப்பு அப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அவளைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவளுடைய சிரிப்புதான் கடைசியாக நின்றது.

மங்களேஸ்வரிக்கு முகமெல்லாம் எரிந்தது. தான் வேண்டாம் என்று போட்டுவிட்ட ஒன்றை எடுத்து இவர்கள் மேடையில் உட்காரவைத்து டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அது தன்னைவிடச் சந்தோஷமாக இருந்தது, இதில் எதற்குக் கோபப்படுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. வேலை நேரத்தில் யாரும் யாரோடும் பேசக் கூடாது. ஸ்டூலைத் தூக்கி ஸ்டோர் ரூமில் போட்டார்கள். குரல் அதன்பிறகும் வந்தது, ஆனால் யாரும் பதில் சொல்லவில்லை. பதில் வராத இடத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அது அடுத்த இடத்துக்குப் போகும், அங்கேயும் காத்திருக்கும்.

தை மாதம் பிறந்த இரண்டாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, சண்முகக்கனி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"மொதலாளி, கொப்பரை மூடியில சத்தம் மாறியிருக்கு. ரப்பர் வளையத்துல கசியுதுன்னு நினைக்கேன்."

"மேஸ்திரி பாத்தாரா?"

"பாத்தாரு. அவருக்கு அந்தச் சத்தம் கேக்கல."

"மேஸ்திரிக்குக் கேக்காத சத்தம் உனக்கு மட்டும் கேக்குதா?"

சண்முகக்கனி திரும்பிப் போனாள். புதன்கிழமை மறுபடியும் வந்தாள். "ஒரு நாள் நிறுத்திப் பாத்துட்டா நல்லது மொதலாளி" என்றாள். "ஆர்டர் முடியட்டும்" என்றது குரல்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு மங்களேஸ்வரி ஆபீஸில் தனியாக இருந்தபோது, எதிர் நாற்காலியிலிருந்து, "மங்களா" என்று கூப்பிட்டது. அவளை அப்படிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இப்போது இல்லை. அவள் தலை நிமிரவில்லை.

"மேஸ்திரிக்கு ஏன் கேக்கலன்னு உனக்குத் தெரியும்" என்றது அவளுடைய குரல். "இடது காது. கொப்பரை அவருக்கு இடது பக்கம்தான் இருக்கு. கனி சொல்றது சரி. ஒரு நாள் நிறுத்து."

"ஆர்டர் முடியட்டும்."

"நிறுத்தினா என்ன ஆகும்னு நினைக்கிற?"

"முடியலைன்னு சொல்வாங்க. பொம்பளை கையில குடுத்தா இப்படித்தான்னு சொல்வாங்க."

"சொல்லட்டுமே."

"உனக்கென்ன, நீ சொல்லிட்டுப் போயிருவ" என்றது அப்பாவின் குரல். "வெளிய போ."

கதவுத் திரை லேசாக அசைந்தது. மங்களேஸ்வரி விட்ட இடத்திலிருந்து கடிதத்தைப் படித்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று இருபதுக்கு வளையம் பிய்த்துக்கொண்டது. மூடியின் ஒரு பக்கத்திலிருந்து ஆவியும் காரத் தண்ணீரும் மடிப்பு மேடையின் மேல் அடித்தன. மேடையில் இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள். காலையிலிருந்து சத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருந்த சண்முகக்கனி ஒரு நொடி முன்னால் அவர்களைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். தள்ளிய கை ஆவிக்குள்ளேயே நின்றுவிட்டது. வலது கை, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வெந்துபோயிற்று.

மில்லில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசித் தறியும் நின்ற பிறகு, எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மெல்லிய குரல் எங்கேயும் கேட்கவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி வயதானவர், நிதானமாக எழுதுகிறவர். எப்படி நடந்தது என்று கேட்டார். மங்களேஸ்வரி வாயைத் திறந்தாள். உள்ளே என்ன சொல்ல நினைத்தாள் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது, ஆனால் வெளியே வந்தது இதுதான். "தொழிலாளியோட கவனக்குறைவு." அந்தக் குரலில் சொன்னால் யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற உலகநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு அவள் போகவில்லை. ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக் கொடுத்து உலகநாதனை அனுப்பினாள். கனி என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் சொல்லல மொதலாளி. யாரோ பேசுறதைக் கேட்டுக்கிட்டிருக்கிற மாதிரி படுத்திருக்கா" என்றார் அவர். குக்கர் சத்தம் போடும்போதெல்லாம் மங்களேஸ்வரி வலது கையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். சூடான எதையும் அவளால் தொட முடியவில்லை, சோறு ஆறி விறைத்த பிறகு இரண்டு வாய் தின்றாள். மில்லில் கொப்பரை ஆறிக் கிடந்தது, வேலை பாதி ஓடியது, யாரும் அவளைக் குறை சொல்லவில்லை, சங்கத்திலிருந்து வந்த அண்ணாச்சிமார் இதெல்லாம் தொழிலில் சகஜம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சகஜம் என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, அவளுக்குள் ஏதோ ஒன்று ஒரு படி கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை அவள் வந்து நின்றாள், புதன்கிழமை வந்து நின்றாள், வியாழக்கிழமை நானே வந்து சொன்னேன், என்று கிழமைகளை எண்ணிக்கொண்டே இருந்தாள்.

பதினோராம் நாள் காலையில் பிச்சம்மாள் தோசையைத் தட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இப்படிச் சாப்பிடாம கிடந்தா எப்படி? நீ ஒண்ணும் தப்பாச் சொல்லிரல. உங்க அப்பா இருந்தாலும் இப்படித்தான் சொல்லியிருப்பாரு."

அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். மங்களேஸ்வரி தட்டை நகர்த்திவிட்டு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

சண்முகக்கனியின் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் கடைசி வீடு. முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். புருஷன் சரக்கு ஆட்டோ ஓட்டப் போயிருந்தான். தெருவில் குழாயடியில் நின்ற பெண்கள் மங்களேஸ்வரியைப் பார்த்துவிட்டு, குடத்தை நகர்த்தி வழிவிட்டார்கள். வாசலுக்கு நாலடி தள்ளியிருக்கும்போதே உள்ளே யாரோ பேசுவது கேட்டது. தான் பேசுவதுதான் என்று தெரிய அவளுக்கு ஒரு மூச்சு விடுகிற நேரம் ஆயிற்று. மெதுவாக, நடுவில் விட்டு விட்டு, சின்ன வயதில் கண்மாயில் விழுந்து எழுந்த கதையை அது சொல்லிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே காலை வைத்ததும் பேச்சு நின்றது.

சண்முகக்கனி சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தாள். கை தலையணை மேல் இருந்தது. அதில் சுற்றியிருந்த துணியை மங்களேஸ்வரி பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டாள். பதினாறு இழை. துணியின் வழியே மஞ்சளாக நீர் கோத்துத் தெரிந்தது.

"உட்காருங்க மொதலாளி."

தரையில் உட்கார்ந்தாள்.

"இது இங்கயா இருக்கு?" என்று கேட்டாள். அந்தச் சின்ன அறையில் அப்பாவின் குரல் பாத்திரங்களில் மோதித் திரும்பியது.

"முதல் நாள் ஆம்புலன்ஸ்லயே கூட வந்துருச்சு. வலி வரும்போதெல்லாம் ஏதாச்சும் பேசிக்கிட்டே இருக்கும். நான் தூங்கினாத்தான் நிறுத்தும்." சண்முகக்கனி கையை ஒரு விரல் அளவு நகர்த்தி வைத்தாள். "மன்னிப்புக் கேட்டுச்சு. ஒரு தடவை இல்ல, எத்தனையோ தடவை. நான் போதும்னு சொன்ன பிறகும் கேட்டுச்சு."

மங்களேஸ்வரிக்கு ஒரு கணம் உடம்பு லேசானது. எல்லாம் முடிந்துவிட்டது, தனக்காகத் தன் குரலே முன்னால் வந்து வேலையை முடித்துவிட்டது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவள் பிறகு எத்தனையோ நாள் வெட்கப்பட்டாள்.

"அப்படியா" என்றாள்.

"ஆமா. அது கேட்டுருச்சு" என்றாள் சண்முகக்கனி. "நீங்க கேக்கல."

வெளியே குழாயடியில் குடம் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. மங்களேஸ்வரி காத்திருந்தாள். சொந்தக் குரல் இந்த அறையில்தான் இருக்கிறது, கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் எங்கேயோ இருக்கிறது, இப்போது தொண்டைக்குள் வந்து உட்கார்ந்தால் அழகாகச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள். அது வரவில்லை. மூலையில் அது மூச்சை அடக்கிக்கொண்டு கவனிப்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. இருந்தது ஒரே குரல்தான், சங்கரலிங்கத்தின் குரல். அறுபத்தெட்டு வருஷ வாழ்க்கையில் மனைவியிடமோ மகளிடமோ மேஸ்திரியிடமோ ஒரு தடவைகூட மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லியறியாத குரல்.

"தப்பு" என்று ஆரம்பித்தாள். குரல் தடுக்கியது. மேட்டில் ஏறுகிற லாரி மாதிரி திணறிற்று. "தப்பு என்னோடது. நீ ரெண்டு தடவை வந்து சொன்ன. மேஸ்திரிக்குக் காது கேக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நிறுத்தல. அதுக்கப்புறம் உன் மேல பழியைப் போட்டேன். அது பொய். என்னை மன்னிச்சிரு கனி."

அந்தப் பெரிய குரல் கடைசி வார்த்தையில் உடைந்து, அப்பா இருமுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு நின்றது.

சண்முகக்கனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்தாள் என்றும் சொல்ல முடியாது.

"மூணு விரல் மடங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள். "நான் இந்தக் கையாலதான் சாப்பிட்டேன், இந்தக் கையாலதான் மடிச்சேன். அதனால சரின்னு என்னால சொல்ல முடியல. வாய் வரல."

"சொல்ல வேண்டாம்."

"நாளைக்கு எட்டு மணிக்கு வாங்க" என்றாள் சண்முகக்கனி. "கட்டு மாத்தணும். நர்ஸ் செய்முறை சொல்லிக் குடுத்திருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு அதைப் பாத்தா மயக்கம் வருது."

மங்களேஸ்வரி அங்கிருந்து நேரே அந்த அதிகாரியின் ஆபீஸுக்குப் போனாள். தான் முன்னால் சொன்னது பொய், எச்சரித்தும் கொப்பரையை நிறுத்தாதது தான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதிகாரி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "இதைக் குடுத்தா மில்லை மூடவேண்டி வரும், தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும்" என்றாள். மில் ஆறு வாரம் மூடிக் கிடந்தது. பெரிய ஆர்டர் வேறு ஊருக்குப் போயிற்று. சங்கத்தில் அவளை யாரும் போகச் சொல்லவில்லை, ஆனால் அடுத்த கூட்டத்துக்கு அவளுக்கு அழைப்பு வரவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு, கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டு, சண்முகக்கனியின் எதிரில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தாள். மேல் சுற்றுகள் சுலபமாக வந்தன. கடைசிச் சுற்று வரவில்லை. இழை குறைந்த துணியில் நூல் பிரிந்து பிரிந்து புண்ணுக்குள் ஒட்டியிருந்தது, இழுத்தால் தோலோடு வந்தது. சண்முகக்கனி கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கூரை ஓடுகளைப் பார்த்தாள். ஆற வைத்த உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊறும்வரை பொறுத்து, ஊறிய இழையை மட்டும் எடுத்து, அடுத்த இழைக்குப் பொறுத்து, அந்தச் சின்ன இடத்தைக் கழற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எத்தனையோ லட்சம் மீட்டர் துணி அவள் நெய்து அனுப்பியிருக்கிறாள், ஒரு தடவைகூட அதை ஒரு புண்ணிலிருந்து கழற்றியதில்லை. எந்தெந்த ஊரில் எத்தனை பேர் இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டே, எடுத்த இழைகளை ஒவ்வொன்றாக ஒரு கிண்ணத்தில் போட்டாள். மில் மறுபடி திறந்தபோது துணி பத்தொன்பது இழையில் ஓடியது.

அவள் தினமும் போனாள். கட்டு மாற்றும் நேரத்தில் சண்முகக்கனி பேசினாள், அந்த மெல்லிய குரல் அன்றைக்கு நின்றதோடு சரி, மறுபடி பேசவில்லை, வலியை மறக்க யாராவது பேசியாக வேண்டியிருந்தது. மில்லைப் பற்றிப் பதினோரு வருஷமாகத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். ஜன்னல் எங்கே வைத்திருக்க வேண்டும், புதிதாகச் சேர்ந்தவர்கள் எதற்கெல்லாம் பயப்படுகிறார்கள், எந்தத் தறிக்காரன் யாரிடமும் சொல்லாமல் பக்கத்துத் தறியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறான். மங்களேஸ்வரி குறுக்கே பேசவில்லை. அந்தக் குரலை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது, அது தொண்டையில் வந்து வந்து முட்டும். முட்டும்போதெல்லாம் உப்புத் தண்ணீரை ஒரு சொட்டு விடுவாள். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், தனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி, "எனக்குத் தெரியல, நீ சொல்லு" என்று சங்கரலிங்கத்தின் குரல் சொன்னது. வாசலில் கீரை விற்றுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி கீரையை எண்ணத் தொடங்கினாள்.

மில்லில் புதுக் கொப்பரை வைத்தபோது, யார் நிறுத்து என்று சொன்னாலும் அதை நிறுத்தலாம், காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று மங்களேஸ்வரி சொன்னாள். உலகநாதன் கூட்டத்திலிருந்து முன்னால் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, தனக்கு இடது காது கேட்காது என்று சொன்னார். அவர் அதைச் சொன்ன தினத்தில் மில்லில் யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, இரண்டு பேர் தங்களுக்கும் என்னென்ன முடியவில்லை என்று மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்கள்.

சண்முகக்கனி மன்னித்தாளா என்று ஊரில் கேட்டார்கள். அவள் எவரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அவள் வரத் தொடங்கிய நாற்பத்தேழாம் நாள், கட்டை அவிழ்த்தபோது கடைசிச் சுற்று ஒட்டாமல் வந்தது. அடியில் புதுத்தோல், பிறந்த குழந்தையின் உள்ளங்கால் நிறத்தில், மெல்லிசாக மினுங்கியது. ஆள்காட்டி விரலை மடக்கிப் பார்க்கச் சொன்னாள் மங்களேஸ்வரி. விரல் கொஞ்சம் மடங்கி, நடுங்கி, நின்றது. அந்த விரலைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, குனிந்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "வலிக்குதா கனி?" என்று கேட்டாள்.

அதை எந்தக் குரலில் கேட்டோம் என்று அவள் கவனிக்கவில்லை. சண்முகக்கனி கவனித்தாள். விரலை எடுக்காமல், "லேசா" என்றாள்.